கூகுள் வேணாம்னு ஓஎஸ் மாத்தப் போறீங்களா? பூட்லோடரைத் தொடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன்ல கூகுள் வேணாம், வேற ஓஎஸ் போடணும்னு யாராச்சும் கேட்டா போதும், ஒருத்தர் லீனியேஜ் போடுங்கறார், இன்னொருத்தர் கிராஃபீன் தவிர மத்ததெல்லாம் வேஸ்ட்ங்கறார், வேற ஒருத்தர் பேசாம ஐபோன் வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போயிடறார். கேட்ட ஆளுக்கு முன்னாடி இருந்ததை விட குழப்பம் அதிகமாயிடுது. இதுல யாரும் பொய் சொல்லல, ஆனா ஒருத்தர் பிரைவசியைப் பத்திப் பேசறார், ஒருத்தர் செக்யூரிட்டியைப் பத்திப் பேசறார், ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டு நாம கேட்டுட்டிருக்கோம்.

வாடகை வீட்டுல இருக்கீங்கன்னு வச்சுக்கோங்க, ஓனர் அப்பப்ப வந்து எட்டிப் பாக்கறது ஒரு பிரச்சனை, பின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாதது வேற பிரச்சனை. ஓனர் தொல்லை தீர்ந்துச்சுன்னா திருடனும் வர மாட்டான்னு யாராவது சொல்வாங்களா? ஆனா கஸ்டம் ரோம், அதாவது போனோட வந்ததுக்குப் பதிலா நாம போடற ஓஎஸ், விஷயத்துல மட்டும் நிறைய பேர் அப்படித்தான் சொல்லிட்டிருக்காங்க.

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப் போறது இதுதான்: கூகுளை எடுத்துட்டு பூட்லோடரை, அதாவது போன் ஆன் ஆகறப்ப ஓஎஸ்ஸை ஏத்தற பகுதியை, பூட்டாம திறந்தே விட்டா பிரைவசி கொஞ்சம் ஏறும், செக்யூரிட்டி நல்லாவே இறங்கும், அது உங்களுக்கு லாபமா நஷ்டமான்னு கணக்குப் போட்டுட்டு அப்புறம் இறங்குங்க.

முதல்ல, யாருக்குப் பயந்து பண்றீங்க?

இதை ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, சும்மா சொல்லல. விளம்பரக் கம்பெனியும் கூகுளும் நம்மைப் பத்தி சேர்த்து வைக்கறது பிடிக்கலையா, போன் தொலைஞ்சா எடுத்தவன் உள்ள பாத்துடுவானோன்னு பயமா, இல்ல நீங்க ஒரு பத்திரிகையாளர், வக்கீல், ஆக்டிவிஸ்ட்டா, பெகாசஸ் மாதிரி விலை உயர்ந்த உளவு மென்பொருள் வருமோங்கற கவலையா. மூணுக்கும் பதில் வேற.

முதல் கவலை நியாயமானதுதான், அதுக்கு ஆதாரமும் இருக்கு. 2021ல டப்ளின் ட்ரினிட்டி காலேஜ்ல டக்ளஸ் லீத்ங்கற பேராசிரியர் கூகுளோட பிக்சல் போன் ஒண்ணையும் ஒரு ஐபோனையும் வச்சு அளந்தாரு, போனை யாரும் தொடாம சும்மா வச்சிருந்தாக்கூட ரெண்டுமே சராசரியா 4.5 நிமிஷத்துக்கு ஒருக்கா கம்பெனி சர்வரோட பேசிட்டிருந்துச்சு, அதுல கூகுளுக்குப் போன டேட்டா ஆப்பிளுக்குப் போனதை விட கிட்டத்தட்ட 20 மடங்கு. அதே வருஷம் எடின்பரோ பல்கலைக்கழக ஆளுங்களோட சேர்ந்து சாம்சங், ஷியோமி, ஹுவாவே, ரியல்மீ, லீனியேஜ்ஓஎஸ், இ ஓஎஸ் இதையெல்லாம் பாத்தாங்க. செட்டிங்ஸ்ல எல்லாத்தையும் வேணாம்னு சொல்லி வச்சும் டேட்டா வெளிய போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு, தப்பிச்சது இ ஓஎஸ் மட்டும்தான். லீனியேஜ்ல கூகுள் ஆப்ஸ் பேக் போட்டு டெஸ்ட் பண்ணதால அதுல இருந்தும் கூகுளுக்கு டேட்டா போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. புதுசா வர்றவங்க இங்கதான் கவனிக்கணும், லீனியேஜ் போட்டுட்டு அது மேல கூகுள் பேக்கையும் ஏத்தினா பிரைவசிக்காகப் பண்ண வேலை பெரும்பாலும் வீண்.

ஆனா அந்த ஆராய்ச்சி யார் எவ்வளவு டேட்டா அனுப்பறாங்கன்னு மட்டும்தான் பாத்துச்சு, எந்த போனை உடைக்கறது சுலபம்னு பாக்கல. பிரைவசியில முதலிடம் வந்ததாலயே அந்த ஓஎஸ் பாதுகாப்புலயும் முதல்னு எடுத்துக்கிட்டா அங்கதான் வழுக்கும்.

பாதுகாப்பை எப்படி எடை போடறது

நிறைய டெக்னிக்கல் விஷயம் இருக்கு, ஆனா புதுசா வர்றவங்க மூணு விஷயம் பாத்தா போதும்.

ஒண்ணு, ஓஎஸ் போட்ட பிறகு பூட்லோடரை திரும்ப லாக் பண்ண முடியுமா. இதுக்கு நான் குடுக்கற மார்க்தான் அதிகம். பூட்லோடர் லாக் ஆகி இருந்தா போன் ஆன் ஆகும்போது ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கற ஓஎஸ் கையெழுத்துப் போட்டவங்க குடுத்ததுதானா, யாரும் நடுவுல கை வச்சாங்களான்னு சரி பாக்கும், இதுக்குப் பேர் வெரிஃபைட் பூட். திறந்தே கிடந்தா இந்தச் சரிபார்ப்பு இல்ல, யாராவது உங்க போனை கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தா சிஸ்டத்தையே மாத்தி எழுதிட்டு திரும்ப வச்சுட்டுப் போகலாம், நீங்களும் வழக்கம்போல உங்க பின் நம்பரை அதுல அடிப்பீங்க. என்கிரிப்ஷன் இருக்கேன்னு கேக்கலாம், இருக்கு, ஆனா பின்னை வாங்கற ஸ்கிரீனே போலின்னா என்கிரிப்ஷன் என்ன செய்யும்.

ரெண்டு, பேட்ச், அதாவது பாதுகாப்பு ஓட்டையை அடைக்கற அப்டேட், எவ்வளவு சீக்கிரம் வருது. இதுலயும் ஒரு நெளிவு இருக்கு. ஆண்ட்ராய்டு பேட்ச் ஒரு பக்கம், மோடம், வைஃபை, கிராஃபிக்ஸ் சிப் இதுக்குள்ள ஓடற மென்பொருளுக்கு வர்ற ஃபர்ம்வேர் பேட்ச் இன்னொரு பக்கம். இந்த ரெண்டாவது வகையை போன் கம்பெனியும் சிப் கம்பெனியும் மட்டுமே குடுக்க முடியும், அவங்க நிறுத்திட்டா எந்த ரோம்காரங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. லீனியேஜ் இதை மறைக்கறதில்ல, செட்டிங்ஸ்ல போன் பத்தின பக்கத்துல ஆண்ட்ராய்டு பேட்ச் தேதி ஒண்ணும் வெண்டர் பேட்ச் தேதி ஒண்ணும் தனித்தனியா காட்டும், பழைய போன்ல பாத்தீங்கன்னா முதல் தேதி போன மாசம்னு இருக்கும், ரெண்டாவது பல வருஷம் பின்னாடி நிக்கும்.

மூணு, போன் வேற ஆள் கைக்குப் போனா எவ்வளவு தாங்கும். இதுக்கு தனியா ஒரு செக்யூரிட்டி சிப் வேணும், பின் நம்பரை மாத்தி மாத்தி அடிச்சுப் பாக்கறவனை மெதுவாக்கறது அதோட வேலை. பிக்சல் 6ல இருந்து டைட்டன் எம்2ன்னு ஒரு சிப் வருது, ஐபோன்ல செக்யூர் என்கிளேவ், மத்த பல பட்ஜெட் ஆண்ட்ராய்டுல இந்த அளவுக்கு இல்ல.

இப்ப ஒவ்வொண்ணா

கிராஃபீன்ஓஎஸ். டேனியல் மிக்கேங்கற கனடாக்காரர் ஆரம்பிச்சது, முன்னாடி காப்பர்ஹெட்ஓஎஸ்னு இருந்துச்சு, 2018ல கூட்டாளியோட தகராறாகி, ஓஎஸ்ஸுக்கு கையெழுத்துப் போடற சைனிங் கீ வேற யார் கைக்கும் போயிடக்கூடாதுன்னு அதையே அழிச்சுட்டு வெளிய வந்தாரு, 2019ல இந்தப் பேர் வந்துச்சு. மேல சொன்ன மூணு கேள்விக்கும் ஆமாம்னு பதில் சொல்ற மாற்று ஓஎஸ்னா இதுதான், அதனாலதான் பிக்சலைத் தவிர வேற போனுக்கு இவ்வளவு நாள் குடுக்கல, திமிருன்னு சிலர் திட்டுவாங்க, எனக்கு அது நியாயமாத்தான் படுது. கூகுள் வேணாம்னு கூகுள் போனையே வாங்கணுமான்னு எல்லாரும் சிரிப்பாங்க, ஆமா, வாங்கித்தான் ஆகணும், ஏன்னா வேற ஓஎஸ் போட்டு அதோட கீயை வச்சே திரும்ப லாக் பண்ண ஒழுங்கா வழி விட்டிருக்கறது அவங்கதான்.

இதுல கூகுள் பிளே வேணும்னா போட்டுக்கலாம், ஆனா சாதாரண ஆப் மாதிரி சாண்ட்பாக்ஸ்ங்கற தனி அடைப்புக்குள்ள ஓடும், வழக்கமான போன்ல அதுக்கு இருக்கற ராஜ மரியாதை கிடையாது, நீங்க அனுமதி குடுத்தாத்தான் லொகேஷனே தெரியும். ஒவ்வொரு ஆப்புக்கும் நெட்வொர்க் அனுமதி, சென்சார் அனுமதின்னு தனி ஸ்விட்ச் இருக்கு. 18 மணி நேரம் யாரும் அன்லாக் பண்ணலன்னா போன் தானா ரீபூட் ஆகும், அப்ப என்கிரிப்ஷன் கீயெல்லாம் மெமரியில இருந்து போயிடும், திருட்டுப் போன போனுக்கு இது பெரிய விஷயம். இந்த யோசனையை அப்புறம் ஆப்பிளும் கூகுளும்கூட எடுத்துக்கிட்டாங்க, அங்க 3 நாள். 2024ல செலப்ரைட்ங்கற போன் உடைக்கற கம்பெனியோட உள் ஆவணம் கசிஞ்சப்ப, 2022 கடைசிக்கு அப்புறம் அப்டேட் பண்ணின கிராஃபீன் போன் அவங்க கைக்கு அடங்கலன்னுதான் அதுல இருந்துச்சு.

காலிக்ஸ்ஓஎஸ். இதுவும் பூட்லோடரை லாக் பண்ற வகைதான், கூகுளுக்குப் பதிலா மைக்ரோஜி. புதுசா வர்றவங்களுக்கு முன்னாடியெல்லாம் இதைத்தான் நிறைய பேர் கை காட்டுவாங்க. ஆனா 2025 ஆகஸ்ட்ல நிறுவனர் நிக்கலஸ் மெரில் விலகினாரு, முக்கிய டெவலப்பரும் விலகினாரு, அப்டேட்டை நிறுத்தி வச்சுட்டாங்க. எந்த ஓஎஸ் போடறதுக்கு முன்னாடியும் அவங்க வெளியீட்டுப் பக்கத்துல கடைசி அப்டேட் தேதி என்னன்னு ஒரு தடவை பாருங்க, ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுன்னா யோசிங்க.

மைக்ரோஜி பத்தி ஒரு வார்த்தை. கூகுள் பிளே சர்வீஸ் மாதிரியே நடிக்கற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அது, டேட்டா குறைவாத்தான் போகும், ஆனா நோட்டிஃபிகேஷன் வரணும்னா கூகுள் சர்வரோடதான் பேசணும், அதைத் தவிர்க்க முடியாது. சில ரோம்ல அதுக்கு சிஸ்டம் அளவு அதிகாரமும் குடுக்கறாங்க. சாண்ட்பாக்ஸ் பிளேயா மைக்ரோஜியான்னு ரெண்டு கட்சி இருக்கு, சண்டை ஓயாது, என் ஓட்டு சாண்ட்பாக்ஸுக்கு.

லீனியேஜ்ஓஎஸ். சயனோஜென்மாட் 2016 கடைசில மூடினப்ப அதுல இருந்து பிறந்தது. இதோட பெருமையே கம்பெனி கைவிட்ட போனுக்கு உயிர் குடுக்கறதுதான், அந்த வேலைக்கு இதை மிஞ்ச ஆளில்ல. ஆனா பெரும்பாலான போன்ல பூட்லோடர் திறந்தே கிடக்கும், லீனியேஜ் போட்டுட்டு ஒரு ஆர்வத்துல லாக் பண்ணிடாதீங்க, போன் பூட் ஆகாமலே செத்துடலாம். கூகுள் ஆப் எதுவும் போடாட்டியும், நெட் இருக்கான்னு பாக்கற செக் மாதிரி சின்னச் சின்ன விஷயம் கூகுள் சர்வருக்குத்தான் போகும். ஆளுங்க நேர்மையானவங்க, 2020 மே மாசம் சர்வர்ல ஊடுருவல் நடந்தப்ப உடனே வெளிய சொன்னாங்க, சைனிங் கீ தனியா வச்சிருந்ததால ரோம் எதுவும் பாதிக்கல.

இ ஓஎஸ். மாண்ட்ரேக் லினக்ஸ் பண்ண கேல் துவால்ங்கற பிரெஞ்சுக்காரர் ஆரம்பிச்சது, லீனியேஜ் மேல கட்டினது, மைக்ரோஜி உள்ளயே வரும், டிராக்கர் தடுக்கற வசதியும் இருக்கு. வீட்டுப் பெரியவங்களுக்கு குடுக்கற மாதிரி சுலபமா இருக்கும், முரேனாங்கற பேர்ல போட்டே விக்கறாங்க. பலவீனம் என்னன்னா செக்யூரிட்டி பேட்ச் லேட்டா வரும், அது லீனியேஜ்ல வந்து, அப்புறம் இவங்க சேர்த்து, அப்புறம் நமக்கு. அயோடேன்னு இன்னொரு பிரெஞ்சு ரோமும் கிட்டத்தட்ட இதே குடும்பம்.

லினக்ஸ் போன் வகையறா. உபுண்டு டச்சை 2017ல கனானிக்கல் கைவிட்டதும் யூபிபோர்ட்ஸ்னு தன்னார்வலர் குழு எடுத்து நடத்தறாங்க, போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இருக்கு, பின்லாந்துல நோக்கியாவுல இருந்து வெளிய வந்தவங்க பண்ற செயில்ஃபிஷ் இருக்கு. லிப்ரம் 5, பைன்போன் மாதிரி போன்ல மைக், கேமரா, மோடம் இதையெல்லாம் ஹார்ட்வேர் ஸ்விட்ச் போட்டு அணைக்கலாம், கேக்க அருமையா இருக்கும். கூகுளும் இல்ல ஆப்பிளும் இல்ல, பிரைவசி பக்கம் திருப்தி. பாதுகாப்புன்னு வந்தா ஆண்ட்ராய்டு பல வருஷமா சேர்த்து வச்ச வெரிஃபைட் பூட், ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனியா அடைச்சு வைக்கறது இதெல்லாம் இங்க ரொம்ப பின்னாடி, பேங்க் ஆப் பக்கம் தலை வச்சே படுக்க முடியாது. ரெண்டாவது போனா வச்சு நோண்டறதுக்கு ஜாலி.

ஐபோன் மாற்று ஓஎஸ் இல்ல, ஆனா ஒப்பிட்டே ஆகணும். பாதுகாப்பு உறுதி, 2022ல ஐஓஎஸ் 16ல வந்த லாக்டவுன் மோட் பெகாசஸ் வகைத் தாக்குதலை மனசுல வச்சுப் பண்ணினது. உள்ள என்ன நடக்குதுன்னு நாம பாக்க முடியாது, ஆப்பிள் சொல்றதை நம்பணும், அவ்வளவுதான். போனை நோண்டவே பிடிக்காதவங்களுக்கு இது கெட்ட முடிவு இல்ல.

உங்க கையில எந்த போன் இருக்கு?

ஆசை இருந்தா மட்டும் போதாது, பூட்லோடரைத் திறக்க கம்பெனி விடணும். விவோவுல அதிகாரப்பூர்வமா வழியே இல்ல, ஹுவாவே 2018லயே நிறுத்திட்டாங்க. ஷியோமில விண்ணப்பம் போட்டு காத்திருக்கணும், அவங்களோட புது ஓஎஸ் ஹைப்பர்ஓஎஸ் வந்த பிறகு கெடுபிடி ஜாஸ்தி. சாம்சங்ல திறந்து வேற ஓஎஸ் போட்டீங்கன்னா நாக்ஸ்ங்கற பாதுகாப்பு அமைப்போட மின் உருகி நிரந்தரமா எரிஞ்சுடும், திரும்ப பழைய சாஃப்ட்வேர் போட்டாலும் செக்யூர் ஃபோல்டர், சாம்சங் பே வராது, சாம்சங்கோட ஒன் யூஐ 8 வெர்ஷன்ல இருந்து திறக்கற ஆப்ஷனையே எடுத்துட்டாங்க. ஒன்பிளஸ், மோட்டோரோலா, நத்திங் பரவாயில்ல, மாடலைப் பொறுத்து.

அதனால என் சிபாரிசு இப்படி. கையில இருக்கற போனுக்கு இன்னும் கம்பெனி அப்டேட் வந்துட்டிருக்கு, பிக்சல் இல்லன்னா, ஓஎஸ் மாத்தாதீங்க. தேவையில்லாத ஆப்பைத் தூக்குங்க, விளம்பர ஐடியை அழிங்க, லொகேஷன் ஹிஸ்டரி (இப்ப டைம்லைன்னு பேர்), வெப் ஆக்டிவிட்டியை கூகுள் கணக்குல நிறுத்துங்க, பிரவுசரை மாத்துங்க, செட்டிங்ஸ்ல பிரைவேட் டிஎன்எஸ்ங்கற இடத்துல விளம்பரம் தடுக்கற சர்வர் போடுங்க. பாதுகாப்பு குறையாமலே பிரைவசி கூடும். அப்டேட் நின்னு போன பழைய போன்னா லீனியேஜோ இ ஓஎஸ்ஸோ போடுங்க, ஒண்ணுமே இல்லாததுக்கு அது மேல், ஆனா அதுல பேங்க் வேலை வச்சுக்காதீங்க. புதுசா வாங்கப் போறீங்கன்னா பிக்சல் வாங்கி கிராஃபீன் போடுங்க.

பிக்சல் வாங்கறப்ப 8 சீரிஸோ அதுக்கு மேலயோ பாருங்க, 7 வருஷம் அப்டேட் இருக்கு, மெமரி டேகிங்னு ஹார்ட்வேர்லயே ஒரு பாதுகாப்பு அதுல இருந்துதான் ஆரம்பம், கிராஃபீன் அதை நல்லா பயன்படுத்துது. 6, 7 சீரிஸுக்கு 5 வருஷம்தான், செகண்ட் ஹேண்ட்ல மலிவா கிடைக்குதேன்னு வாங்கினா சீக்கிரமே காலாவதி. அப்புறம் இன்னொண்ணு, அமெரிக்காவுல இருக்கற மச்சான் கொண்டு வந்தான்னு வர்ற போன்ல வெரைசன் மாதிரி நெட்வொர்க் கம்பெனி வித்த மாடல் இருக்கும், அதை அன்லாக் பண்ணவே முடியாது. கடையில நின்னுக்கிட்டே, காசு குடுக்கறதுக்கு முன்னாடி, டெவலப்பர் ஆப்ஷன்ல (வர வைக்கற வழி கீழ படி 2ல இருக்கு) பூட்லோடரைத் திறக்க விடற ஓஇஎம் அன்லாக்கிங் ஸ்விட்ச் நகருதான்னு பாத்துடுங்க, மங்கலா இருந்தா நெட் குடுத்துப் பாருங்க, அப்பவும் மங்கலா இருந்தா போனை வச்சுட்டு வந்துடுங்க.

ஜிபே, போன்பே ஓடுமா?

எல்லாரும் கடைசியில இங்கதான் வந்து நிப்பாங்க. பிளே இன்டெக்ரிட்டின்னு கூகுள் ஒரு சோதனை வச்சிருக்கு, இது நான் அங்கீகரிச்ச ஓஎஸ்தானான்னு ஆப் கேட்டா கூகுள் பதில் சொல்லும். கிராஃபீன் அதுல அடிப்படை லெவல் மட்டும்தான் பாஸ் ஆகும். லீனியேஜை விடப் பல மடங்கு பாதுகாப்பா இருந்தும் கூகுள் சீல் இல்லங்கற ஒரே காரணத்துக்காக அதுக்கு மேல் லெவல்ல ஃபெயில், அதே நேரம் வருஷக்கணக்கா பேட்ச் வராத பழைய போன் ஒண்ணு சீல் இருக்கறதால பாஸ் ஆகலாம். கடுப்பாத்தான் இருக்கும், ஆனா நிலைமை அதுதான்.

எந்த ஆப் இந்தச் சோதனையை எவ்வளவு கறாரா பாக்குதுங்கறது ஆப்புக்கு ஆப் மாறும், இன்னைக்கு ஓடறது அடுத்த அப்டேட்ல நின்னுடலாம். நாட்டுவாரியா எந்த பேங்க் ஆப் ஓடுதுன்னு கிராஃபீன் பயன்படுத்தறவங்க பட்டியல் சேர்த்து வச்சிருக்காங்க, உங்க பேங்க் பேரைத் தேடிப் பாருங்க. போனைத் தட்டி காசு கட்டற கூகுள் வாலட் வேலை செய்யாது, இது உறுதி. யூபிஐ ஆப் சிம்மை உறுதிப்படுத்த உங்க நம்பர்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், அந்த ஆப்பை தனி ப்ரொஃபைல்ல (ஒரே போனுக்குள்ள வேற ஆள் போன் மாதிரி தனியா இருக்கற இடம்) வச்சிருந்தா அந்த ப்ரொஃபைலுக்கு போன் கால், எஸ்எம்எஸ் அனுமதியை ஓனர் ப்ரொஃபைல்ல இருந்து ஆன் பண்ணி விடணும், இது தெரியாமத்தான் பல பேர் யூபிஐ வரலன்னு விட்டுடறாங்க. மாறும்போது பழைய போனை உடனே வித்துடாதீங்க, ஒரு மாசமாச்சும் கூடவே வச்சுக்கோங்க.

கிராஃபீன் போடற முறை

கம்ப்யூட்டர்ல கமாண்ட் எதுவும் அடிக்க வேணாம், வெப் இன்ஸ்டாலர் இருக்கு.

படி 1. எல்லாத்தையும் பேக்கப் எடுங்க. போட்டோ, காண்டாக்ட் மட்டும் இல்ல, வாட்ஸ்அப் சாட், ரெண்டடுக்கு ஓடிபி ஆப்ல இருக்கற கோடு, இசிம் இருந்தா அதை மாத்தற வழி. போன் ரெண்டு தடவை துடைக்கப்படும், திறக்கும்போது ஒண்ணு, லாக் பண்ணும்போது ஒண்ணு. அதுக்கு முன்னாடி பழைய ஓஎஸ்ல கடைசி அப்டேட் வரைக்கும் ஏத்திடுங்க.

படி 2. செட்டிங்ஸ்ல போன் பத்தின பக்கத்துக்குப் போய் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன் வரும், அதுல ஓஇஎம் அன்லாக்கிங்கை ஆன் பண்ணுங்க.

படி 3. கம்ப்யூட்டர்ல குரோம், எட்ஜ், பிரேவ் இதுல ஒண்ணைத் திறங்க, ஃபயர்ஃபாக்ஸ்ல யூஎஸ்பி வசதி இல்லாததால நடக்காது, இன்காக்னிட்டோவும் வேணாம். உபுண்டுல ஸ்னாப், ஃபிளாட்பேக்கா வந்த பிரவுசர் தகராறு பண்ணும். 32 ஜிபி காலி இடம் வச்சுக்கோங்க. கிராஃபீன் இன்ஸ்டால் பக்கத்துக்கு சர்ச்ல வர்ற ஏதோ லிங்க்ல போகாம முகவரியை நீங்களே அடிச்சுப் போங்க, போலிப் பக்கம் இருக்கலாம். நல்ல கேபிள் முக்கியம், போனோட வந்ததுன்னா உத்தமம், இன்ஸ்டால் பாதியில நிக்கறதுக்கு கேபிளும் யூஎஸ்பி ஹப்பும்தான் பெரும்பாலும் காரணம்.

படி 4. போனை ரீஸ்டார்ட் பண்ணி, ஆன் ஆகறப்ப வால்யூம் குறைக்கற பட்டனைப் பிடிச்சுக்கிட்டே இருங்க, ஃபாஸ்ட்பூட் ஸ்கிரீன் வரும். கேபிளைச் சொருகி, இன்ஸ்டால் வெப் பக்கத்துல இருக்கற அன்லாக் பட்டனை அழுத்துங்க, போன்ல கேக்கும், வால்யூம் பட்டன்ல தேர்ந்தெடுத்து பவர் பட்டன்ல உறுதி பண்ணுங்க. வின்டோஸ்ல போன் தெரியலன்னா விருப்ப அப்டேட் பகுதியில ஆண்ட்ராய்டு டிரைவர் இருக்கும், அதைப் போடுங்க.

படி 5. அதே பக்கத்துல டவுன்லோட், அப்புறம் ஃபிளாஷ், அதாவது ஓஎஸ்ஸை போன்ல எழுதறது. போன் நடுவுல சில தடவை தானா ரீபூட் ஆகும், பயந்து கேபிளைப் பிடுங்காதீங்க, முடிஞ்சுதுன்னு பக்கத்துல சொல்ற வரைக்கும் கை வைக்காதீங்க.

படி 6. லாக். இதை விட்டுட்டுப் போறவங்க இருக்காங்க, போன்தான் ஓடுதேன்னு. மேல இவ்வளவு நேரம் பேசினதே இந்த ஒரு பட்டனுக்காகத்தான், அழுத்துங்க. முடிஞ்சதும் போன் ஆன் ஆகி, செட்டப் கடைசியில ஓஇஎம் அன்லாக்கிங்கை அணைக்கவான்னு கேக்கும், அணைச்சுடுங்க.

இனிமே ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் வேற ஓஎஸ் ஏறுதுன்னு மஞ்சள் எச்சரிக்கை வரும், அது சரியானதுதான், கூகுள் கீ இல்லாம வேற கீ வச்சு லாக் ஆகியிருக்குன்னு அர்த்தம். அதுல ஒரு ஐடி காட்டும், கிராஃபீன் பக்கத்துல உங்க மாடலுக்குக் குடுத்திருக்கற ஐடியோட ஒத்துப் பாருங்க. ஆரஞ்சு வந்தா பூட்லோடர் இன்னும் திறந்திருக்கு.

போட்டதுக்கு அப்புறம்

முதல் நாளே எல்லாத்தையும் இறுக்கிக் கட்டாதீங்க, ஒரு வாரத்துல வெறுத்துப் போய் பழைய ஓஎஸ்ஸுக்குத் திரும்பிடுவீங்க. கூகுள் தேவைப்படற ஆப்பையும் கூகுள் பிளேயையும் ஒரு தனி ப்ரொஃபைல்ல வைங்க, மத்தது ஓனர் ப்ரொஃபைல்ல, இது நல்ல ஆரம்பம். ப்ரொஃபைல் மாத்தி மாத்திப் போறது எரிச்சலா இருந்தா ஒரே ப்ரொஃபைல்ல சாண்ட்பாக்ஸ் பிளே போட்டாலும் தப்பில்ல, அப்பவும் சாதாரண ஆண்ட்ராய்டை விட நல்ல நிலைமைதான்.

வாட்ஸ்அப் காண்டாக்ட் அனுமதி கேக்கும், முழுசா குடுக்காம காண்டாக்ட் ஸ்கோப்ல போய் பேசற ஆளுங்களை மட்டும் காட்டுங்க. கேலரிக்கும் அப்படியே ஸ்டோரேஜ் ஸ்கோப் இருக்கு. கால்குலேட்டர், டார்ச், பிடிஎஃப் ரீடர் இதுக்கெல்லாம் இன்ஸ்டால் பண்ணும்போதே நெட்வொர்க் அனுமதியை எடுத்துடுங்க.

தமிழ் டைப்பிங் பெரிய கேள்வி. கூடவே வர்ற கீபோர்டுல தமிழ் எழுத்து வரிசை இருக்கு, ஆனா தங்கிலீஷ்ல அடிச்சா தமிழா மாத்தற வசதி இல்ல, பழகினவங்களுக்கு கை ஓடாது. ஜிபோர்ட் போட்டு, தமிழ் பேக் இறங்கின பிறகு அதோட நெட்வொர்க் அனுமதியை எடுத்துடலாம், டைப்பிங் ஓடும். ஆனா ஒண்ணு, ஒரே ப்ரொஃபைல்ல பிளே சர்வீஸும் இருந்தா ரெண்டு ஆப்பும் ஒத்துக்கிட்டு உள்ளுக்குள்ள பேசிக்க முடியும், அதனால ஜிபோர்ட் இருக்கற ப்ரொஃபைல்ல பிளே இல்லாம இருந்தா இன்னும் நல்லது.

பின் நாலு இலக்கம் வேணாம், குறைஞ்சது ஆறு இலக்கமாச்சும் வைங்க. டியூரஸ் பின்னுன்னு ஒண்ணு 2024ல வந்துச்சு, அதை அடிச்சா போன் முழுசா அழிஞ்சுடும், கேட்டதும் எல்லாரும் ஆசைப்படுவாங்க, வீட்டுல குழந்தை இருந்தா யோசிச்சு வைங்க, விசாரணைன்னு போலீஸ் கேக்கும்போது அடிச்சா ஆதாரத்தை அழிச்ச குத்தமாவும் ஆகலாம். ஏதாவது ஆப் திறந்ததும் மூடிக்கிச்சுன்னா அந்த ஆப்போட தகவல் பக்கத்துல எக்ஸ்பிளாய்ட் புரொடெக்ஷன் கம்பாட்டிபிலிட்டி மோடுன்னு இருக்கும், அதை ஆன் பண்ணிப் பாருங்க, பாதி பிரச்சனை அதுலயே தீரும். ரூட், அதாவது சிஸ்டத்தோட முழு அதிகாரத்தையும் எடுக்கறது, அதை மட்டும் பண்ணாதீங்க, பண்ணினா இவ்வளவு தூரம் வந்ததுக்கே அர்த்தமில்ல.

பிடிக்கலன்னா திரும்பிப் போறது சுலபம். கிராஃபீன் வெப் இன்ஸ்டாலர் பக்கத்துலயே பழைய ஓஎஸ்ஸுக்குத் திரும்பற பகுதியில கஸ்டம் கீயை நீக்கற பட்டன் இருக்கு. பேக்கப் எடுத்துட்டு, ஓஇஎம் அன்லாக்கிங்கை மறுபடி ஆன் பண்ணி, பூட்லோடரைத் திறந்து, அந்தக் கீயை நீக்கிட்டு, கூகுளோட ஆண்ட்ராய்டு ஃபிளாஷ் டூல்ல உங்க மாடலைத் தேர்ந்தெடுத்து ஏத்துங்க, கடைசில லாக் பண்ண மறக்காதீங்க. போன் கடையில இருந்து வந்த மாதிரியே ஆயிடும், மஞ்சள் எச்சரிக்கையும் போயிடும், வித்தாலும் வாங்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.